எல்லையோரத்து மாயாவிகள்: கையெழுத்துச் சித்திரக்கதையை வாசிக்கும் முறை குறித்து

முன்னுரை

தமிழில் சித்திரக்கதை குறித்து எழுதப்பட்ட ஆய்வுகள் மிகச் சிலவே. அவையும் பெரும்பாலும் அச்சில் வெளிவந்த இதழ்களின் வரலாற்றோடு நின்றுவிடுகின்றன. அவ்விதழ்களைப் படித்த வாசகர், தம் பள்ளிக் குறிப்பேட்டில் கட்டம் போட்டு, தமக்குப் பிடித்த நாயகனைத் தாமே வரைந்து, பேச்சுக்குமிழுக்குள் தாமே உரையாடல் எழுதி உருவாக்கிய கையெழுத்துச் சித்திரக்கதையை இலக்கியப் பனுவலாகக் கருதும் வழக்கம் இன்னும் ஏற்படவில்லை. அது சிறுபிள்ளை விளையாட்டென்றும் வெறும் போலி என்றும் ஒதுக்கப்படுகிறது. இக்கருத்து மறுபரிசீலனைக்கு உரியது என்பதே இக்கட்டுரையின் துணிபு. இதற்குக் களமாகப் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரச் சிற்றூர்களின் மொழிச்சூழல் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரியிருந்தும் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அதே ஆண்டில் செய்யப்பட்ட ஏழாவது அரசியல் சட்டத் திருத்தம் 350அ பிரிவைச் சேர்த்து, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டுமென மாநிலங்களைப் பணித்தது. சட்டம் தொடக்கக் கல்வியோடு நின்றது. அதற்குப் பின் எல்லைக்கு அப்பால் வாழும் தமிழ்ப் பிள்ளை எதன் துணையால் தமிழ் எழுத்தைத் தொடர்ந்து படிக்கும்? இவ்வினாவுக்கு விடை தேடும்போது பாடநூலைக் காட்டிலும் திரைப்படச் சுவரொட்டி, பாட்டுப் புத்தகம், சித்திரக்கதை இதழ் ஆகியவற்றின் பங்கை நாம் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

இரு ஆண்டுகள், இரு கரைகள்

எல்லையின் இருபுறத்துச் சித்திரக்கதை வரலாற்றையும் ஒருசேர வைத்து நோக்கினால் வியப்பான ஓர் ஒற்றுமை புலப்படுகிறது. 1972இல் சிவகாசியிலிருந்து முல்லை தங்கராசனை ஆசிரியராகக் கொண்டு முத்து காமிக்ஸ் தொடங்கியது. அதன் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. அதே 1972இல் கேரளத்தில் ‘பாலரமா’ சிறுவர் இதழ் தோன்றியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1984இல், தமிழில் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தொடங்கின. அதே ஆண்டில் பாலரமாவில் ‘மாயாவி’ என்னும் தொடர்கதை அறிமுகமாயிற்று. இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ மலையாளத்தில் வெளிவந்ததும் அவ்வாண்டில்தான்.

இவை ஒன்றையொன்று பார்த்து எழுந்தவை எனக் கூறச் சான்றில்லை. ஆயினும் சிவகாசி இதழும் கோட்டயத்து இதழும் ஒருசேரக் கைக்கு எட்டக்கூடிய எல்லையோர வாசகருக்கு இவை ஒரே காலத்து அனுபவங்கள். மாநில எல்லையால் பிரித்து எழுதப்படும் இலக்கிய வரலாற்றில் இந்த ஒருமை இடம்பெறுவதில்லை. எல்லையோர வாசகரை மையமாக வைத்தால்தான் அது கண்ணுக்குப் படும்.

மூன்று மாயாவிகள்

‘மாயாவி’ என்னும் சொல் இராமாயணத்தில் வாலியொடு பொருது குகைக்குள் புகுந்த அசுரனின் பெயர். இருபதாம் நூற்றாண்டுச் சித்திரக்கதை அச்சொல்லை எல்லையின் இருபுறத்தும் நாயகனுக்குரிய பெயராக்கியது.

முதலாமவன் இரும்புக்கை மாயாவி. 1962இல் ‘வேலியன்ட்’ என்னும் ஆங்கில வார இதழில் தோன்றிய இக்கதைக்கு ஓவியம் வரைந்தவர் இசுபெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்தப்பட்ட லூயிஸ் கிராண்டேல் மின்னதிர்ச்சி பெற்றால் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் தெரியும். இரண்டாமவன் பாலரமாவின் மாயாவி. என். சோமசேகரன் கதையிலும் எம். மோகன்தாஸ் ஓவியத்திலும் உருவான இவன் ராஜு, ராதா என்னும் குழந்தைகளுக்குத் துணைநிற்கும் நல்ல குட்டிச்சாத்தான். ஈட்டியின் மீதேறிப் பறக்கும் லுட்டாப்பியும், குட்டூசன், டாகினி ஆகியோரும் இவனுக்கு எதிரிகள். மூன்றாமவன் ராணி காமிக்ஸின் முகமூடி வீரர் மாயாவி. லீ ஃபாக் 1936இல் படைத்த ‘ஃபேன்டம்’ முத்து காமிக்ஸில் வேதாளராகவும் ராணி காமிக்ஸில் மாயாவியாகவும் பெயர் பெற்றார்.

ஒரே பெயரில் வழங்கும் இம்மூவரும் மூன்று வேறு மரபினர். முதலாமவன் அறிவியல் விபத்தில் பிறந்தவன். இரண்டாமவன் கேரள நாட்டார் நம்பிக்கையிலுள்ள சாத்தானின் குழந்தை வடிவம். மூன்றாமவர் பரம்பரை பரம்பரையாக முகமூடி தரித்துக் காட்டில் நீதி வழங்கும் வீரர். ‘மாயாவி’ என்ற சொல்லைக் கேட்டவுடன் சென்னை வாசகர் மனத்தில் இரும்புக் கை தோன்றும். திருவனந்தபுரத்து வாசகர் மனத்தில் சிறு குட்டிச்சாத்தான் தோன்றும். பாறசாலைப் பகுதியில் இரு மொழியும் படிக்கும் வாசகர் மனத்தில் இவ்வுருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதற்கு இடமுண்டு. அவ்வாசகர் பென்சிலை எடுத்து ‘மாயாவி’ என்று தலைப்பிட்டால் எவ்வுருவம் வரும் என்பது ஒப்பியல் ஆய்வாளர்க்கு உரிய வினா.

வரையும் கைக்கு எது எளிது என்பதையும் இங்குக் கருதவேண்டும். மனித உடலை அசைவோடு வரைவது பயிற்சியற்ற கைக்குக் கடினம். இரும்புக்கை மாயாவியோ மறைந்துவிடும் நாயகன். வெற்றுக் கட்டத்தில் ஒரு கையை மட்டும் வரைந்தால் நாயகன் வந்துவிடுகிறான். உடற்கூறு தெரியாத சிறுவனும் வரையக்கூடிய வீரன் இவன். பிளாஸ்கோவின் நுணுக்கமான ஒளிநிழல் ஓவியம் வாசகரை மலைக்கவைக்கும். கதையின் அடிப்படைக் கற்பனையோ அவ்வாசகரை வரையத் தூண்டும். இந்நாயகன் தமிழ் வாசகர் மனத்தில் நீடித்து நிற்பதற்குக் கதைச் சுவையோடு இதுவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

வழிநூல் இலக்கணம்

கையெழுத்துச் சித்திரக்கதையைப் ‘போலி’ என ஒதுக்குவோர் தமிழ் மரபிலேயே அதற்கு இலக்கணம் இருப்பதை மறந்துவிடுகின்றனர். தொல்காப்பியர் மரபியலில் நூலை முதல்நூல், வழிநூல் என இரண்டாக்கி, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்துகிறார். முதல்நூலை அடியொற்றுவது இழுக்கு என்பது அவர் கருத்தன்று. எவ்வாறு அடியொற்றுகிறது என்பதே வகைப்பாட்டுக்கு அடிப்படை.

இவ்வகைப்பாட்டைச் சித்திரக்கதைக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஆங்கில இதழ்க் கதையைத் தமிழாக்கிய சிவகாசி இதழ் மொழிபெயர்ப்பு என்னும் வழிநூல். பல பக்கக் கதையைக் குறிப்பேட்டின் சில பக்கங்களுக்குள் அடக்கும் சிறுவன் செய்வது தொகுத்தல். கதை முடிந்த இடத்திலிருந்து வில்லனை மீண்டும் உயிர்ப்பித்துப் புதிய சாகசம் எழுதுவது விரித்தல். இரு நாயகரை ஒரே கதையில் சந்திக்கவைத்து, ஒருவர் கதையைச் சுருக்கி மற்றவர் கதையைப் பெருக்குவது தொகைவிரி. எதை விட்டான், எதைப் பெருக்கினான், எச்சொல்லை மாற்றினான் என்று கேட்கத் தொடங்கியவுடன் அக்குறிப்பேடு திறனாய்வுக்குரிய பனுவலாகிவிடுகிறது.

கையெழுத்து இதழிலிருந்து சிவகாசி வரை

வீட்டில் செய்யப்படும் இத்தகைய ஆக்கம் இலக்கிய வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிடும் என்பதற்கில்லை. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஜெரி சீகல், ஜோ சுஸ்டர் என்னும் இரு இளைஞர் அறிவியல் புனைகதை மீது கொண்ட பித்தால் தாமே உருட்டச்சில் ஓர் இதழ் நடத்தினர். அதில் 1933இல் வெளிவந்த ஒரு கதையில் ‘சூப்பர்மேன்’ என்னும் பெயர் வருகிறது. அங்கு அவன் உலகை ஆள முயலும் தீயவன். அப்பெயருக்குப் புதிய உருக்கொடுத்து நாயகனாக்கிய கதை 1938இல் அச்சேறியது. அதன் உரிமையை அவ்விருவரும் 130 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டனர்.

அதே சீகல்தான் 1960களில் இங்கிலாந்தின் ‘லயன்’ இதழில் வந்த ‘ஸ்பைடர்’ கதைகளை எழுதினார். அந்த ஸ்பைடர் சிவகாசியின் லயன் காமிக்ஸ் வழியே தமிழ் வாசகரின் பெருவிருப்புக்குரிய நாயகனானான். கிளீவ்லாந்தின் உருட்டச்சுத் தாளில் தொடங்கிய ஒரு கை, அரை நூற்றாண்டுக்குப் பின் நம் ஊர்ப் பெட்டிக்கடையில் தொங்கிய இதழில் வந்து நின்றது.

மற்றொன்றும் இங்குக் கருதத்தக்கது. முதல் சூப்பர்மேன் தீயவன். ஸ்பைடர் குற்றவாளிகளின் அரசனாகத் தொடங்கிப் பின் நீதியின் பக்கம் திரும்பியவன். இரும்புக்கை மாயாவியும் தொடக்கத்தில் குற்றம் புரிந்து பின்னர் உளவாளியானவன். பாலரமாவின் மாயாவியோ சாத்தான் இனத்தில் பிறந்து நன்மை செய்பவன். பிறப்பாலும் தொடக்கத்தாலும் ஒருவனை முடிவுகட்ட இயலாது என்னும் கருத்து இக்கதைகளின் அடியில் ஓடுகிறது. தம் ஊர் இருக்கும் மாநிலத்தைத் தாம் தெரிவு செய்யாத எல்லையோர மக்களுக்கு இக்கருத்து நெருக்கமாக இருந்திருக்கலாம் என ஊகிப்பது மிகையாகாது.

ஏடும் குறிப்பேடும்

தென்திருவிதாங்கூரில் கையால் படியெடுத்துக் கதை காக்கும் மரபு புதியதன்று. கன்னியாகுமரி மாவட்டத்தார் வில்லுப்பாட்டென்றும் கேரள ஆய்வாளர் தெக்கன் பாட்டென்றும் வழங்கும் கதைப்பாடல்கள் ஓலைச்சுவடிகளிலும் காகிதக் குறிப்பேடுகளிலும் படியெடுக்கப்பட்டே நிலைத்தன. ‘இரவிக்குட்டிப்பிள்ளைப் போர்’ போன்ற கதைகளைத் தமிழுக்கு மட்டும், மலையாளத்துக்கு மட்டும் உரியவை என வரையறுக்க இயலாமல் ஆய்வாளர் தயங்கியதுண்டு. அ.கா. பெருமாள் முதலியோர் உழைப்பால் இச்சுவடிகள் ஆய்வுலகின் கவனம் பெற்றன. ஏட்டில் பிழையெனத் தோன்றுவது பல இடங்களில் வட்டார வழக்கின் சான்று என்பதை இவ்வாய்வுகள் நமக்குக் கற்பித்தன.

அதே முறையை எல்லையோரச் சித்திரக்கதைக் குறிப்பேட்டுக்கும் பயன்படுத்தலாம். நோக்கவேண்டியவை மூன்று. ஒன்று, வினைமுற்று. மலையாள வினைமுற்று பால் காட்டும் விகுதியை இழந்தது. பேச்சுக்குமிழில் ‘அவன் வந்தான்’ என்பதில் விகுதி நிற்கிறதா, தடுமாறுகிறதா என நோக்கவேண்டும். இரண்டு, எழுத்து. வல்லின ஒலிவேறுபாட்டுக்குத் தனித்தனி எழுத்துகளைப் பள்ளியில் பயின்ற கை, ஒரே ககரத்தால் தமிழ் எழுதும்போது எங்கே இடர்ப்படுகிறது என்று காணவேண்டும். மூன்று, ஒலிக்குறிப்பு. வெடி வெடித்தால் ‘டமால்’ என எழுதுகிறதா, மலையாள வழக்கில் ‘ட்டோ’ என எழுதுகிறதா? இசை, குறிப்பு ஆகியவற்றை உரிச்சொல்லின் இலக்கணத்துள் அடக்கிய மொழியில் இது சிறு செய்தியன்று. பள்ளித் தேர்வுத்தாளில் மாணவர் விழிப்போடு எழுதுவர். குறிப்பேட்டிலோ மகிழ்ச்சிக்காக எழுதுகின்றனர். ஆகவே இயல்பான மொழிநிலைக்கு இது சிறந்த சான்றாகும்.

மறுப்பும் விடையும்

இவ்வாக்கங்களை மிகைப்படப் புகழ்வதும் தவறு. அடியொற்றும் கை மூலத்தின் குறைகளையும் அடியொற்றும். காட்டு மக்களை ஆளும் வெள்ளையின வீரர் என்னும் காலனியக் கற்பனை ஃபேன்டம் கதைகளின் அடித்தளம். அதைக் கேள்வியின்றி வரையும் சிறுவன் அப்பார்வையையும் வரைகிறான். லயன் காமிக்ஸின் முதல் இதழ் மாடஸ்டி என்னும் பெண்ணை நாயகியாகக் கொண்டு வந்தபோதிலும், மொழிபெயர்ப்புச் சித்திரக்கதை உலகம் பெரும்பாலும் ஆண்களின் உலகமே. நாயகர் நியூயார்க்கிலும் ஆப்பிரிக்கக் காட்டிலும் உலவுகின்றனர். களியக்காவிளைச் சந்தைக்கு எவரும் வருவதில்லை. வீட்டில் வரைபவர் தம் ஊரை எக்கட்டத்திலேனும் வரைந்தாரா என்பதே அவரது படைப்பை மதிப்பிடும் உரைகல். வரையவில்லையெனில் அது வாசிப்பின் சான்றாக நிற்கும்; வரைந்திருப்பின் அது படைப்பு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

முடிவுரை

செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்தவர். நூல்களோடு பாட்டுப் புத்தகம், துண்டறிக்கை, அழைப்பிதழ் எனப் பிறர் எறிந்தவற்றையும் அவர் தம் ஆர்வத்தால் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் அத்தொகுப்பு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று தமிழ் அச்சுப் பண்பாடு குறித்து எழுதும் எவரும் அதைத் தவிர்க்க இயலாது. ஒரு தனிமனிதரின் பித்து ஆய்வுலகின் மூலமானதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கையெழுத்துச் சித்திரக்கதைக் குறிப்பேடுகளுக்கு அத்தகைய புகலிடம் இல்லை. மலிந்த தாள், பந்துமுனைப் பேனா மை, தென்கேரளத்து ஈரக்காற்று, கறையான் ஆகியவை ஒருபுறம் இருக்க, வீடு மாறும்போது பழைய தாளோடு எடைக்குப் போடும் வழக்கமே அவற்றின் பெரும்பகை. அச்சிட்ட இதழுக்கு வேறொரு படி எங்கேனும் கிடைக்கும். குறிப்பேட்டுக்கு ஒரே படி. முத்து காமிக்ஸின் முதல் வாசகத் தலைமுறை இன்று அறுபது வயதை ஒட்டி நிற்கிறது. கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையும் கூடி, எல்லையின் இருபுறமும் இக்குறிப்பேடுகளைத் தேடிப் படியெடுத்து, உரியவர் இசைவோடு தொகுத்தால் இருமொழிச் சூழலில் தமிழ் எழுத்து எவ்வாறு உயிர்த்திருந்தது என்பதற்கு ஓர் ஆவணம் கிட்டும். அதற்கு முதற்படியாக, ஆய்வு மாணவர் தம் வீட்டுப் பரணையும் பழைய பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நலம்.