முதுகு மாறும் பெஞ்சு

ஹாங்காங்குக்கு வேலையாக வருகிறவர்களுக்குக் கடலுக்கடியில் ஓடும் மெட்ரோதான் சீக்கிரம். ஆனால் கவுலூனில் ஹோட்டல், சென்ட்ரலில் மீட்டிங் என்று அமைந்தால் ஸ்டார் ஃபெரி படகை விடக்கூடாது. பத்து நிமிடத்துக்குள் அக்கரை.

இந்தப் பச்சை வெள்ளைப் படகுக்கு முன்புறம், பின்புறம் கிடையாது. இரு முனையிலும் சுக்கான் உண்டு. திருப்பாமல் அப்படியே திரும்பி வரும். மரப்பெஞ்சும் அதற்கேற்றதுதான். சாய்மானத்தைப் பிடித்துத் தள்ளினால் 'டக்'கென்று எதிர்ப்பக்கம் போய்விடும். எப்போதும் போகிற திசை பார்த்தே உட்காரலாம். பலகையில் நட்சத்திர வடிவில் துளைகள். உள்ளூர்க்காரர் போன் பேசியபடியே ஒரு கையால் சாய்மானத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடுவார். வெளியூர்க்காரர்தான் வந்த திசையைப் பார்த்தபடி போவார், பாவம்.

1888-இல் இந்தப் படகுக் கம்பெனியைத் தொடங்கியவர் தொராப்ஜி நவுரோஜி மித்தாய்வாலா என்ற பார்சி. 1898-இல் இன்றைய பெயர் வந்தது.

1966-இல் மேல்தளத்து முதல் வகுப்புக் கட்டணம் வெறும் 5 சென்ட் உயர்ந்ததற்குக் கவுலூனில் கலவரமே நடந்தது! மேல்தளத்துக்கு இன்றும் கட்டணம் கூடுதல். காசு இருந்தாலும் கீழ்த்தளமே மேல்: டீசல் வாடை அடிக்கும்தான், ஆனால் நீல உடுப்பு மாலுமி கொக்கிக் கழியால் வடத்தைப் பிடித்து இழுத்துக் கட்டுவதை அங்கேதான் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம்.