அந்த 0.5-ஐ யார் முடிவு செய்வது?

ஜான் டெய்லரின் 'கெட்டிங் ஆஃப் ட்ராக்' 2009-இல் வந்த சின்னப் புத்தகம். ஒரே உட்காரலில் படித்துவிடலாம். நிதி நெருக்கடியை உண்டாக்கியது, நீட்டித்தது, மோசமாக்கியது எல்லாமே அரசின் தலையீடுகள்தான் என்று துணைத்தலைப்பே சொல்லிவிடுகிறது. சமீபத்தில் மறுபடி படித்தபோது, முதல் தடவை கண்ணில் படாத ஒரு ஓட்டை தெரிந்தது.

டெய்லர் என்றாலே 1993-இல் அவர் எழுதிய விதிதான் நினைவுக்கு வரும். மத்திய வங்கி வட்டியை எங்கே வைக்க வேண்டும்? பணவீக்கத்தோடு 2-ஐக் கூட்டு. பணவீக்கம் 2 சதவீத இலக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதில் பாதியைச் சேர். பொருளாதாரம் தன் முழுத்திறனிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ (உற்பத்தி இடைவெளி) அதிலும் பாதியைச் சேர். அவ்வளவுதான்.

இந்த அளவுகோலை வைத்து அவர் சொல்லும் குற்றச்சாட்டு வலுவானது. 2003 ஜூனில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை 1 சதவீதமாகக் குறைத்து, ஒரு வருஷம் அங்கேயே வைத்திருந்தது. விதிப்படி அது மிகக் குறைவு. வீட்டு விலை வீங்கியதற்கு அதுவே காரணம் என்கிறார். புத்தகத்தின் சிறந்த பகுதி அதற்கு அடுத்து வருகிறது. 2007 ஆகஸ்டில் வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கத் தயங்கியபோது, கையில் பணம் இல்லாதது பிரச்சினை இல்லை, எதிர்த்தரப்பு வங்கி திருப்பித் தருமா என்ற பயம்தான் பிரச்சினை என்கிறார். நோயைத் தப்பாகக் கணித்து மருந்து கொடுத்தார்கள் என்பது அவர் வாதம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது.

சரி, ஓட்டை எங்கே? 2010 ஜனவரியில் பென் பெர்னாங்கி இதற்குப் பதில் சொன்னார். அன்றைய பணவீக்கத்துக்குப் பதிலாக, அப்போது கையில் இருந்த பணவீக்க முன்கணிப்பை அதே விதியில் போட்டால், ஃபெடரல் ரிசர்வ் பெரிதாக விலகவே இல்லை என்று வருகிறது! விதி ஒன்றுதான், உள்ளே போடும் எண் மாறினால் தீர்ப்பும் மாறுகிறது.

நெருக்கடிக்குப் பிறகு இது இன்னும் சிக்கலாகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. பணவீக்கம் 1 சதவீதம், உற்பத்தி இடைவெளி மைனஸ் 6 என்று வைத்துக்கொள்வோம். டெய்லரின் 0.5 எடையில் வட்டி மைனஸ் 0.5 என்று வரும். அதாவது பூஜ்யத்தில் வைத்தாலே ஏறக்குறைய போதும். அந்த எடையை 1 ஆக்கினால் (பெர்னாங்கிக்குப் பிடித்தது இதுதான்) மைனஸ் 3.5 வரும். அப்படின்னா பூஜ்யம் போதாது, கடன் பத்திரங்களை வாங்கியாவது பொருளாதாரத்தைத் தூக்கியாகணும்.

2009 அக்டோபரில் அமெரிக்காவில் வேலையின்மை 10 சதவீதம். அவர்களுக்கு இன்னும் உதவணுமா வேண்டாமா என்பது 0.5-ஆ 1-ஆ என்பதில் அடங்கியிருக்கிறது. இதைச் சூத்திரம் முடிவு செய்யவில்லை. யாருடைய கஷ்டத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று ஒரு மனிதர் முன்கூட்டியே முடிவு செய்து, அதைச் சூத்திரத்துக்குள் வைத்துவிட்டார். அது தப்பில்லை, ஆனால் "நான் விதியைத்தான் சொல்கிறேன், அவர்கள்தான் இஷ்டத்துக்கு நடக்கிறார்கள்" என்ற தொனி சரியில்லை. 2010 நவம்பரில், பத்திரக் கொள்முதல் பணவீக்கத்தைக் கிளப்பிவிடும் அபாயம் உண்டு என்று எச்சரித்த பகிரங்கக் கடிதத்தில் டெய்லரும் கையெழுத்திட்டார். அடுத்த பத்தாண்டில் பணவீக்கம் பெரும்பாலும் 2 சதவீதத்துக்குக் கீழேயே கிடந்தது.

நிதிக் கொள்கையிலும் இதே கதைதான். 2008-இல் குடும்பங்களுக்கு அனுப்பிய வரித் தள்ளுபடிக் காசோலைகளால் மொத்த நுகர்வு நகரவில்லை என்று வரைபடம் காட்டி, தற்காலிக ஊக்கத்தை நிராகரிக்கிறார். ஆனால் காசோலை இல்லாதிருந்தால் நுகர்வு எவ்வளவு சரிந்திருக்கும் என்று அந்த வரைபடம் காட்டாது.

ஆனாலும் விதி என்ற யோசனையையே தூக்கி எறிய எனக்கு மனசில்லை. 2019-இல் கிளாடியா சாம் ஒரு யோசனை சொன்னார்: வேலையின்மையின் மூன்று மாதச் சராசரி, முந்தைய பன்னிரண்டு மாதங்களின் குறைந்த அளவை விட 0.5 சதவீதப் புள்ளி ஏறினால், மக்களுக்குத் தானாகவே பணம் போகட்டும். அரசியல்வாதிகள் கூடிப் பேசிக் காலம் கடத்த வேண்டாம். இதுவும் சுத்தமான விதிதான், ஆனால் அரசைக் குறைவாகச் செய்யச் சொல்லவில்லை, சீக்கிரம் செய்யச் சொல்கிறது.

டெய்லர் 'விதி' என்பதையும் 'சின்ன அரசு' என்பதையும் ஒன்றாகவே கட்டிவிடுகிறார். அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டுப் படித்தால் இந்தப் புத்தகம் இன்றும் உபயோகமானது. முக்கியமாக அந்த 2007 ஆகஸ்ட் பகுதிக்காகப் படியுங்கள்.