புனையா ஓவியமும் புனைந்த ஓவியமும்

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், தலைவனைப் பிரிந்து அணிகலன் களைந்திருந்த அரசியை நக்கீரர் 'புனையா ஓவியம்' என்பதனோடு ஒப்பிடுகின்றார். வண்ணம் தீட்டப்பெறாது, வடிவம் மாத்திரம் கோட்டினால் வரையப்பெற்ற சித்திரமே அஃது என்பது நச்சினார்க்கினியர் உரையாற் பெறப்படும் பொருள். இவ்வுவமை இரண்டு உண்மைகளை நமக்குணர்த்துகின்றது. கோட்டோவியம் வேறு, வண்ணவோவியம் வேறு என்னும் பாகுபாட்டினைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர் என்பது ஒன்று. அணி களைந்த பின்னரும் அரசி அரசியே ஆவது போல, வண்ணம் பெறாத ஓவியமும் ஓவியமே என்பது மற்றொன்று. இவ்விரண்டாம் உண்மையை நாம் இன்று மறந்து வருகின்றோமோ என்னும் ஐயமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

இன்று கணினி அறிந்த மாணாக்கர் பலரும் விரும்பிச் செய்யும் பணி, கறுப்பு வெள்ளைக் கிளிப் ஆர்ட் படங்களை வண்ணப் படங்களாக மாற்றுதலாகும். கிளிப் ஆர்ட் என்னும் பெயர் கத்தரிக்கோலின் வழி வந்தது. படத்தொகுதி நூல்களிலிருந்து வேண்டிய சித்திரத்தை வெட்டியெடுத்து, அச்சுக்குரிய தாளில் ஒட்டுவது முன்னாளைய வழக்கு. நம் அச்சுக்கூடங்களிலும் திருமண அழைப்பிதழுக்கெனப் பிள்ளையார், பூரணகும்பம், குத்துவிளக்கு முதலியவற்றின் பிளாக்குகள் ஆயத்தமாக இருந்தன. பின்னர் இப்படங்கள் கணினிக்குள் புகுந்தன. மைக்ரோசொவ்ற் நிறுவனம் தன் கிளிப் ஆர்ட் களஞ்சியத்தை 2014 இல் மூடிவிட்டதாயினும், 2004 இல் தோன்றிய ஓப்பன்கிளிப்பார்ட் போன்ற தொகுதிகளால் இவ்வகைப் படங்கள் யாவர்க்கும் எளிதிற் கிட்டலாயின.

வண்ணமூட்டும் முறையினை ஈண்டுச் சுருங்கக் கூறுதல் பொருந்தும். கோட்டுப்படத்தின் விளிம்பிலே கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாம்பற் புள்ளிகள் உள. இதனை அறியாதார் வெள்ளைப் பகுதியில் நேரே வண்ணத்தை ஊற்றுவர். அப்போது கோட்டின் ஓரமெங்கும் வெண்பொருக்குத் தோன்றும். கோட்டில் ஓர் இடைவெளி இருப்பினோ, வண்ணம் அதன் வழியே கசிந்து படம் முழுவதும் பரவும். அறிந்தோர் கோட்டினை மேலடுக்கிலும் வண்ணத்தைக் கீழடுக்கிலும் வைத்து, மேலடுக்கைப் 'பெருக்கல்' முறையில் அமைப்பர். வெள்ளை ஒன்று எனவும் கறுப்புப் பூச்சியம் எனவும் கொள்க. ஒன்றாற் பெருக்கிய வண்ணம் மாறாது நிற்கும். பூச்சியத்தாற் பெருக்கியது கறுப்பாகும். சாம்பற் புள்ளி வண்ணத்தைச் சிறிதே இருளச் செய்யும். ஆகவே கோடு தன் மென்மை கெடாது நிலைபெறும். கணிதபாடத்துப் பெருக்கலே சித்திரபாடத்துக்கும் துணையாதல் மாணாக்கர்க்கு வியப்பூட்டுவதொன்றாம்.

எனினும், எவ்வாறு வண்ணமூட்டுவது என்னும் வினாவுக்கு முன்னர், ஏன் வண்ணமூட்டுவது என்னும் வினா எழல் வேண்டும். யேர்மானிய ஓவியர் டியூரரைப் பற்றி அறிஞர் எராஸ்மஸ் 1528 இல் எழுதுகையில், பண்டைக் கிரேக்க ஓவியன் அப்பெலிசு வண்ணங்களின் துணைகொண்டு செய்ததை இவர் கருங்கோடுகளால் மாத்திரம் செய்து முடித்தார் என்றும், அவற்றின்மேல் வண்ணம் பூசுதல் அவற்றுக்கு ஊறு செய்தலேயாம் என்றும் கருத்துரைத்தார். நக்கீரரும் எராஸ்மசும் காலத்தாலும் தேயத்தாலும் நெடுந்தொலைவிலுள்ளவர். ஆயினும் கோட்டின் பெருமையை உணர்ந்ததில் இருவரும் அயலார் அல்லர்.

மறுதலையாக, வண்ணத்தின் பயனையும் நாம் மறத்தலாகாது. இரவிவர்மா 1894 இல் பம்பாயில் கல்லச்சகம் நிறுவி, வண்ணத்துக்கொரு கல்லாக அச்சிட்டு, அரண்மனைச் சுவரிலிருந்த தெய்வவுருவங்களைக் குடிசைச் சுவருக்கும் கொணர்ந்தார். கோவிற்பட்டிக் கொண்டையராஜுவின் தெய்வப்படங்கள் நாட்காட்டிகளின் வழியே தமிழ் இல்லங்களை அடைந்தன. கறுப்பு வெள்ளைத் திரைப்படங்களும் இந்நாளில் வண்ணம் பெற்றுள. 1960 இல் வெளிவந்த 'முகலே ஆசம்' 2004 இலும், 1957 இல் வெளிவந்த தெலுங்கு 'மாயாபஜார்' 2010 இலும் வண்ணப்படங்களாக மீண்டும் திரையிடப்பெற்றன. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. முன்னதிற் சில பகுதிகள் தொடக்கத்திலேயே வண்ணத்தில் எடுக்கப்பெற்றவை. எனவே பின்வந்த வண்ணம் முன்னிருந்த நாட்டத்தின் நிறைவு எனலாம். பின்னதில், ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி நிலவொளியை ஒளியும் நிழலுமாகவே அமைத்துக் காட்டினார். அந்நிலவுக்கு வண்ணம் ஒரு குறைநிரப்பு அன்று. வேறொரு நிலவு என்றே கூறல் வேண்டும்.

இவையெல்லாம் நூலறிவு. நான் நேரிற் கற்ற பாடமொன்று அக்கரப்பத்தனையில் எமது பாடசாலையிலேயே கிடைத்தது. பரிசளிப்பு விழாவுக்கென மாணாக்கர் சிலர் கொழுந்து கொய்யும் பெண்ணொருத்தியின் கோட்டுப்படத்தைத் தேர்ந்து வண்ணமூட்டினர். செந்நிறச் சேலை, பொன்னிறக் கூடை, மரகதப் பச்சையில் ஒரே சீரான தேயிலைச் செடி, நீலவானம். பார்த்தவர் யாவரும் பாராட்டினர்; யானும் பாராட்டினேன். மாணாக்கன் ஒருவனின் பாட்டி, நெடுங்காலம் மலையிற் கொழுந்தெடுத்தவர், அப்படத்தைச் சற்றுநேரம் நோக்கிவிட்டு, "ஏண்டா தம்பி, இவ கல்யாண வூட்டுக்குப் போறாளா? படங்கு எங்கடா? இந்தச் செடியில கொழுந்து எது, முத்தின எல எதுன்னு எனக்கே தெரியலையே" என்றார். பின் என்னை நோக்கி, "சேர் கோவிச்சுக்காதீங்க" என்றும் சொன்னார். கோபித்தற்கு என்ன உளது? நான் நாணினேன். நாள்தோறும் அம்மலையைக் கடந்து பாடசாலைக்குச் செல்லும் எனக்கு அப்பிழை புலப்படவில்லை.

அம்மூதாட்டி கூறியது திறனாய்வேயாம். தேயிலைச் செடியின் பச்சை ஒன்றன்று. மேலே துளிர்க்கும் ஈரிலையும் மொட்டும் மஞ்சள் கலந்த இளம்பச்சை. கீழுள்ள முற்றிய இலை கரும்பச்சை. வாதுகளிற் பாசியின் நரைநிறம். கவ்வாத்து வெட்டிய மலையோ பழுப்பு. இவ்விரு பச்சைகளையும் கண்ணால் வேறுபிரித்தறிதலே கொழுந்தெடுப்பவளின் தொழில். அவ்வேறுபாட்டை அழித்து ஒரே பச்சையை ஊற்றிய படம், அவளுடைய தொழிலறிவையே அழித்துவிடுகின்றது. இடையிற் கட்டிய படங்கை நீக்கிப் பட்டுப்போன்ற சேலையை உடுத்திய படம், முள்ளும் மழையும் அட்டையும் இல்லாததோர் மலையைக் கற்பிக்கின்றது.

நீலவானமும் அத்தகையதே. மழைக்காலத்து அக்கரப்பத்தனையின் வானம் பெரும்பாலும் வெண்சாம்பல். அண்மைச் செடி தெளிவாகவும், அடுத்த மலை மங்கலாகவும், அதற்கப்பாலுள்ள மலை நீலச்சாயலாகவும் தோன்றும். மூடுபனியில் வண்ணங்கள் ஒன்றையொன்று விஞ்சுவதில்லை. வண்ணவுணர்வு என்பது வண்ணங்களைக் கூட்டுதலன்று, அடக்குதலே என்பதை எம் மலைகளே கற்பிக்கின்றன.

இன்னுமொன்று கவனித்தற்குரியது. கோட்டுப்படத்தை வரைந்தவர் தேயிலைமலையைக் கண்டவரல்லர் போலும். தலையிற் கயிறு மாட்டி முதுகிற் சுமக்கவேண்டிய கூடையை இடுப்பில் வைத்திருந்தார். கோட்டின் பிழை வண்ணத்தால் மறையாது, மாறாக உறுதிப்படும். வெறுங்கோடாக இருந்தபோது அஃது ஒரு குறிப்பு. வண்ணம் பெற்றபின் அதுவே ஒரு சாட்சியம் ஆகிவிடுகின்றது. நம்மை நாமே பிழையாகக் கூறும் சாட்சியத்தை நம் சுவரில் நாமே மாட்டலாமா? நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் கழிந்தமையை 2023 இல் நினைவுகூர்ந்தோம். அத்துணைக் காலமும் பிறர் வரைந்த உருவிலேயே நாம் அறியப்பட்டுள்ளோம். இன்று தூரிகை நம் மாணாக்கர் கையில் உளது. பிறர் வரைந்த கோட்டுக்குள்ளேயே அவர்கள் வண்ணம் நிரப்புவாராயின் தூரிகை வந்தும் பயனென்னை?

இளஞ்சிறார் வண்ணத்தையே விரும்புவர், ஆதலின் ஆராய்ச்சி வேண்டா என்பார் உளர். சிறார் விரும்புவது மெய்யே. ஆயினும் ஒரு கணினிப்படத்தின் செம்மை, பசுமை, நீலம் ஒவ்வொன்றும் 256 படிகளைக் கொள்ள, மொத்தம் 1,67,77,216 வண்ணங்கள் கிட்டுகின்றன. இத்துணை வண்ணம் கிட்டுதல் உரிமையேயன்றித் தேர்ச்சியன்று. தோட்டப் பாடசாலைகளுக்குரிய நடைமுறை நியாயம் ஒன்றும் உண்டு. நம் பயிற்சித்தாள்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படிப்பொறியிலேயே பெருக்கப்படுகின்றன. ஒளியளவில் ஒத்த சிவப்பும் பச்சையும் அதில் ஒரே சாம்பலாகிவிடும். கோடும் ஒளிநிழலும் செவ்வையாக அமைந்த படமோ அங்கும் பிழைக்கும். எனவே கறுப்பு வெள்ளையில் நில்லாத படம் வண்ணத்திலும் நில்லாது என்பதை ஒரு விதியாகக் கொள்ளலாம்.

ஆகவே வண்ணமூட்டுவோர் மூன்று வினாக்களைத் தம்முள் வினவுதல் நன்று. இப்படத்துக்கு வண்ணம் எதனைச் சேர்க்கின்றது? சேர்க்கும் வண்ணத்தை யான் கண்டறிந்தேனா, அன்றி ஊகித்தேனா? மூலக்கோட்டினைப் பிறர் மீண்டும் காணுமாறு பேணி வைத்தேனா? மூன்றாவது வினாவுக்குக் கணினி எளிதில் இடந்தருகின்றது. கோட்டடுக்கைத் தனியே சேமித்தல் போதும்.

எம் மாணாக்கர் அப்படத்தைக் கைவிட்டனர். ஒரு சனிக்கிழமை பாட்டியுடன் மலைக்குச் சென்று, கூடையையும் படங்கையும் மட்டக்கம்பையும் பார்த்துப் பென்சிலால் வரைந்தனர். இம்முறை இருவகைப் பச்சையும், ஒரு சாம்பலும், படங்கின் மங்கல் வெண்மையுமே பூசினர். முகத்துக்கு எவ்வண்ணம் என்று அவர்கள் கேட்டபோது, அதனைக் கோடாகவே விடுமாறு பாட்டி கூறினார். விழாநாளில் அப்படத்தைப் பார்த்தவர்கள் அதனை முன்னையதினும் அழகிது என்றாரல்லர். "இது நம்ம மலை" என்றனர். அம்முகம் இன்றும் புனையா ஓவியமாகவே எங்கள் வகுப்பறைச் சுவரில் உளது.