எஃப்லோர்னித்தின்: உறக்க நோய்க்கு வந்த புற்றுநோய் மருந்து

எஃப்லோர்னித்தின் என்பது புற்றுநோய்க்காக 1970களில் உருவாக்கப்பட்டு, பின்னர் ஆப்பிரிக்க உறக்க நோய்க்குப் பயன்பட்ட மருந்து ஆகும். "புற்றுநோய் மருந்து ஒட்டுண்ணியைக் கொல்கிறது" என்று இதைச் சுருக்கமாக விளக்குவது வழக்கம். அவ்விளக்கம் போதாது.

இம்மருந்து ஒட்டுண்ணியைக் கொல்வதைவிட, அதன் பெருக்கத்தையே நிறுத்துகிறது. உயிரணுப் பிரிவுக்கு வேண்டிய பாலிஅமீன்களை உண்டாக்கும் ஆர்னித்தின் டிகார்பாக்சிலேசு என்னும் நொதியுடன் இது மீளாதவாறு பிணைகிறது. பாலிஅமீன்களில் ஒன்றான ஸ்பெர்மிடின் குறைந்தால், ஒட்டுண்ணியை ஆக்சிசனேற்றத்திலிருந்து காக்கும் டிரிப்பனோதயோனும் குறைகிறது. இவ்வாறு முடங்கிய ஒட்டுண்ணியை அழித்து முடிப்பது நோயாளியின் எதிர்ப்பாற்றலே. அது குன்றியவரிடம் மருந்தும் தோற்கக்கூடும்.

இதே நொதி மனிதரிடமும் உண்டு. ஆனால் மனித நொதி விரைவில் சிதைந்து புதிதாக உருவாகிறது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் காணப்படும் காம்பியன்சு வகை ஒட்டுண்ணியில் அது நெடுநேரம் நிலைக்கிறது. எனவே ஒருமுறை செயலிழந்தால் ஈடுசெய்வது கடினம். கிழக்கு ஆப்பிரிக்காவின் ரொடீசியன்சு வகையில் நொதி விரைந்து புதுப்பிக்கப்படுவதால், அங்கு இம்மருந்து சரிவரப் பயன்படுவதில்லை. ஒரே ஈப் பேரினம், ஏறத்தாழ ஒரே உருவம். ஆனாலும் மருந்து ஒன்றன்று! பொதுப்படையான விளக்கங்களில் விடுபடுவது இதுதான்.

எலிகளில் இதன் பயன் 1980இல் காட்டப்பட்டது; அமெரிக்கா 1990இல் ஒப்புதல் அளித்தது. ஆயினும் இலாபமில்லை என்று 1990களின் நடுப்பகுதியில் உற்பத்தி நின்றது. முற்றிய நோய்க்கு எஞ்சியிருந்தது ஆர்செனிக் கலந்த மெலார்சோப்ரோல். அம்மருந்தே ஏறக்குறைய 5 விழுக்காட்டு நோயாளிகளின் உயிரைப் பறித்தது. அதே எஃப்லோர்னித்தின், பெண்களின் முகமுடி வளர்ச்சியைக் குறைக்கும் களிம்பாக 2000இல் ஒப்புதல் பெற்றது. உறக்க நோய்க்கு இலவசமாக வழங்கும் உடன்பாடு 2001இல்தான் ஏற்பட்டது.

மருந்து கிடைத்த பின்பும் சிக்கல் தீரவில்லை. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, 14 நாள்களில் 56 தடவை சிரைவழி ஏற்ற வேண்டும். செவிலியரும் தூய நீர்மமும் அரிதான சிற்றூர் மருத்துவமனைக்கு இது பெருஞ்சுமை. 2009இல் நிஃபுர்டிமாக்சு மாத்திரையுடன் இணைத்த முறை உலக சுகாதார அமைப்பின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றது. இதில் 7 நாள்களில் 14 ஏற்றல்களே போதும். பின்னர் பெக்சினிடசோல் மாத்திரை வந்ததால் பெரும்பாலோருக்கு ஊசியே தேவைப்படவில்லை. நோய் கடுமையாக முற்றியவர்களுக்கு அந்த இணைமுறையே பரிந்துரைக்கப்படுகிறது.