காற்கூறும் முக்காற்கூறும்: முதியோர், தொலைநிலைக் கல்வியில் விரிவுரையின் எல்லை

முன்னுரை

தொலைநிலைக் கல்வி என்றதும் பதிவுசெய்யப்பெற்ற விரிவுரையே இன்று பலர் நினைவிற்கு வருகிறது. ஒருவர் பேசுவார், கடல் கடந்து ஆயிரம் பேர் கேட்பர், அதனோடு கல்வி நிகழ்ந்துவிட்டதாகக் கொள்ளப்படும். இக்கருத்து தமிழ்க் கல்வி மரபிற்கும் தொலைநிலைக் கல்வியின் வரலாற்றிற்கும் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

நன்னூல் வகுக்கும் அளவு

பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில் கற்றலை அளவிட்டுக் கூறுகிறார். ஆசிரியர் உரைத்ததை மாணவர் குறைவற ஏற்றுக்கொண்டாலும் புலமையில் காற்கூறே கிட்டும். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு வரும். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைக்கூறு நிரம்பும். இஃது ஆய்வால் அளந்த புள்ளிவிவரம் அன்று. எனினும் இதன் உட்கருத்து கூர்மையானது. குறை ஆசிரியரிடத்தும் இல்லை, மாணவரிடத்தும் இல்லை. கேட்டல் என்னும் செயலுக்கே ஓர் எல்லை உண்டு. கொள்வோர் கொள்ளும் வகையறிந்து கற்பிக்கவேண்டும் என்பதும் அந்நூலின் விதி. பதிவுசெய்த விரிவுரைக்கோ கேட்போர் முகம் தெரியாது.

திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பட்டறிவு

பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் திட்டநிலையில் 'வானலைப் பல்கலைக்கழகம்' என்றே வழங்கப்பெற்றது. 1969இல் அரச பட்டயம் பெற்று 1971இல் அது கற்பிக்கத் தொடங்கியபோது பிபிசி ஒளிபரப்பே அதன் முகமாக விளங்கியது. ஆயினும் கல்விச் சுமையைத் தாங்கியவை அச்சிட்ட பாடநூல்களும், அஞ்சலிற் சென்று பயிற்றுநரின் குறிப்புகளோடு திரும்பிய ஒப்படைப்புகளும், வட்டாரப் பயிற்றுநர் சந்திப்புகளும், கோடைப் பள்ளிகளுமே. 2006இல் பிபிசியில் பாட ஒளிபரப்பு நின்றது. திருத்தும் பயிற்றுநர் பணி நிற்கவில்லை.

விரிவுரை பயனற்றது என்பது இதன் பொருளன்று. விரிவுரைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட டொனால்ட் பிளை, செய்தியை அறிவிப்பதில் அது பிற முறைகளுக்கு இளைத்ததன்று எனவும், சிந்தனையை வளர்ப்பதில் கலந்துரையாடல் போன்ற முறைகளுக்குப் பிற்பட்டது எனவும் கண்டார். நன்னூலின் காற்கூறும் இத்தகைய மதிப்பீடே.

புலம்பெயர் கற்போர்

வீட்டில் பேச்சுத்தமிழ் கேட்டு வளர்ந்து, வேற்றுமொழியில் பள்ளிக்கல்வி பெற்று, முப்பது வயதில் தமிழ் எழுதக் கற்க வருபவரை எடுத்துக்கொள்வோம். வேற்றுமை உருபு பற்றிய விரிவுரை அவர்க்கு எளிதில் விளங்கும். அவ்வுருபுகளை நாள்தோறும் பேச்சில் ஆள்பவர் அவர். ஆனால் வல்லினம் மிகும் இடத்தை, ஒரு பத்தி எழுதி, திருத்தம் பெற்று, மீண்டும் எழுதியே அவர் அறிய இயலும். விரிவுரை முடிந்ததும் தனித்து விடப்படும் அவர் இடையில் நின்றால், அஃது ஆர்வக்குறைவு எனக் கணக்கிடப்படுகிறது. தமக்குத் தமிழ் வாராது என்று அவரும் நம்பிவிடுகிறார். இழப்பு ஒரு சான்றிதழோடு நிற்பதில்லை. அவர்தம் பிள்ளைகளையும் சென்று சேர்கிறது.

2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியபின் தமிழ்ப் பாடங்களைக் கடல் கடந்து பெறுதல் எளிதாயிற்று. எனவே இன்றைய தட்டுப்பாடு பாடப்பொருளில் இல்லை. எழுதியதைத் திருத்தித் தருவாரும் உடன் பயில்வாருமே அரியர்.

முடிவுரை

பாடத்திட்டம் வகுப்போர் விரிவுரைகளின் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொள்ளுதல் போதாது. ஒரு பருவத்தில் கற்பவர் எழுதியது எத்தனை முறை திருத்தம் பெற்றது, அவர் எத்தனை முறை பிறர்க்கு விளக்கினார் என்பனவே எண்ணத்தக்கவை. பதிவரங்கிற்குச் செலவாகும் பொருளில் ஒரு பகுதியேனும் பயிற்றுநர் ஊதியத்திற்குச் செல்லவேண்டும். காற்கூற்றை எவ்வளவு அழகுறப் பதிவு செய்தாலும் அது முக்காற்கூறாகாது.