14 குழி, 70 காய்

வீட்டுக்குள் உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களில் குழந்தைக்கு முதலில் எதைக் கற்றுக்கொடுக்கலாம் என்று யாராவது கேட்டால், பல்லாங்குழி என்றுதான் சொல்வேன். தாயம் நல்ல ஆட்டம்தான். ஆனால் ஒரு தாயம் விழாமல் போனால் குழந்தை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஆடுபுலி ஆட்டம் நுட்பமானது. அதற்குக் கொஞ்சம் வயதாக வேண்டும். அஞ்சாங்கல்லின் அழகு தனி. மேலே போட்ட கல் இறங்குவதற்குள் தரையில் கிடப்பதை வாரிக்கொண்டு அதையும் பிடிக்கிற அந்தக் கைவேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் ஐந்து வயதுப் பேத்தியும் அறுபது வயதுப் பாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து, இருவருமே மெய்யாக யோசித்து ஆடக்கூடியது பல்லாங்குழி.

பலகையிலிருந்தே ரசனை தொடங்கிவிடுகிறது. பக்கத்துக்கு 7 குழி, மொத்தம் 14. மீன் வடிவில் குடைந்து நடுவில் கீல் வைத்த மடக்குப் பலகைகள் உண்டு. பித்தளையில் வார்த்தவையும் உண்டு. என் ஓட்டு மரப்பலகைக்குத்தான். பித்தளைக் குழியில் சோழி விழுந்தால் கலகலவென்று கேட்கும், அவ்வளவுதான். மரக்குழியில் புளியங்கொட்டை விழும் ஓசை அப்படியல்ல: காலிக் குழியில் ஒரு ஓசை, நிறைந்த குழியில் வேறு ஓசை. பழகியவர்கள் எதிராளியின் கையைப் பார்க்காமலே எந்தக் குழி காலி என்று ஓரளவு சொல்லிவிடுவார்கள்.

குழிக்கு 5 காய் வைத்தால் மொத்தம் 70. குழிக்கு 6 வைத்து ஆடுகிறவர்களும் உண்டு. ஊருக்கு ஊர் விதி மாறும். தேவநேயப் பாவாணர் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ நூலில் இந்த ஆட்டத்தின் வகைகளைப் பதிந்து வைத்திருக்கிறார். நான் ரசிப்பது பசு ஆட்டத்தை. தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, இடமிருந்து வலமாகக் குழிக்கு ஒன்று போட வேண்டும். பக்கம் முடிந்ததும் எதிராளியின் குழிகளில் ஏறிச் சுற்றி வர வேண்டும். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்தது காலியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ள, முறை எதிராளிக்குப் போகும். ஆட்டத்தின் நடுவே எந்தக் குழியிலாவது 4 காய் சேர்ந்தால் அது பசு. அந்தப் பக்கத்துக்காரர் அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு தொடக்கத்தைக் கூடவே ஆடிப் பார்ப்போம். என் இடக்கோடிக் குழியை அள்ளுகிறேன். 5 காயும் ஆறாம் குழியோடு தீர்கின்றன. ஏழாம் குழியை அள்ளிப் போட்டால் எதிராளியின் ஐந்தாம் குழி வரை போகிறது. அவருடைய ஆறாம் குழியை அள்ளினால் சுற்றி வந்து என் நாலாம் குழியில் நிற்கிறது. என் ஐந்தாம் குழியில் இப்போது 6. அதை அள்ளினால் அவருடைய நாலாம் குழி வரை. அவருடைய ஐந்தாவதிலும் 6. அது மறுபடி என் நாலாம் குழிக்கே வந்து சேர்கிறது. அடுத்த குழி காலி. தடவுகிறேன். ஆறாம் குழியில் 7 காய், எனக்கு!

எந்தக் குழியில் தொடங்கினாலும் முதல் கைக்கு இந்த 7தான் கிடைக்கும். எல்லாக் குழியிலும் 5 இருப்பதால் முதல் ஆட்டத்தில் கெட்டிக்காரத்தனத்துக்கு வேலையில்லை. இரண்டாவது கையிலிருந்துதான் ஆட்டம். எதிராளி தன் நடுக்குழியில் 7 காய் இருக்கிறதே என்று அதை அள்ளினால், அது என் நாலாம் குழியில் தீரும். அடுத்த இரண்டும் காலி, ஒன்றும் கிடைக்காது. அதே 7 காய் உள்ள தன் இடக்கோடிக் குழியை எடுத்தாலோ, ஒரு நீண்ட சுற்றுச் சுற்றி, தடவியதில் 3, பசுவில் 4 என்று 7 காய் சேர்த்துவிடுவார். போகிற போக்கில் என் பக்கமும் ஒரு பசுவை விட்டுச் செல்வார். இதை உணர்ந்த நிமிடத்தில் குழந்தையின் விரல் பலகைக்கு மேலே தயங்கி நிற்கும். அள்ளும் முன் கண்ணாலேயே காயைப் போட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த காட்சி அதுதான்.

கைக்கு நடக்கும் பயிற்சி இதைவிட அமைதியானது. பழகாத பிள்ளை குழிக்கு இரண்டு மூன்றாகக் கொட்டிவிடும். உள்ளங்கையில் காய்களை அடக்கிக்கொண்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒன்றை மட்டும் நழுவவிடுவது லேசான வேலை இல்லை. பென்சில் பிடிக்கப்போகிற விரல்களும் அவைதான். கண்ணும் கூடவே தேறும். முதலில் ஒவ்வொன்றாக எண்ணித்தான் 4 என்று தெரியும்; ஆடி ஆடி, எண்ணாமலே ‘பசு!’ என்று கத்துவார்கள்.

காலிக் குழியிலும் ஒரு பாடம் இருக்கிறது. எண் கற்பிக்கக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அமைத்த ஸ்பிண்டில் பெட்டியில் 0 முதல் 9 வரை அறைகள். 0 என்ற அறையில் குச்சி எதுவும் வைக்கக் கூடாது. இன்மையையும் கண்ணால் பார்த்துப் பழக வேண்டும் என்ற அருமையான ஏற்பாடு அது. பல்லாங்குழியின் காலிக் குழியும் அதைத்தான் செய்கிறது. அதற்கு மேல் ஒரு படியும் போகிறது. இங்கே காலிக் குழியைக் குழந்தை பார்ப்பதோடு நிற்பதில்லை, ஆவலோடு தேடுகிறது.

இப்படிக் குழிக்குக் குழி காய் போடும் ஆட்டங்கள் வேறு நாடுகளிலும் உண்டு. ஆப்பிரிக்காவில் பல வகை. மலேசியாவில் சோங்காக், இலங்கைச் சிங்களரிடம் ஒலிந்த கெலிய. ஒலிந்த என்பது நம் குன்றிமணி. அழகான காய்தான், ஆனால் மென்று விழுங்கினால் கொடிய நஞ்சு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம். புளியங்கொட்டையோ சோழியோ போதும். எதையும் வாயில் போடும் வயதுக் குழந்தை பக்கத்தில் இருந்தால் அவற்றையும் எட்டாமல் வையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இதைக் கணக்கு வகுப்பாக்கிவிடாதீர்கள். ‘எத்தனை காய், எண்ணிச் சொல்லு’ என்று இடையில் கேட்டால் ஆட்டம் செத்துப்போகும். இன்னொன்று, முதல் ஆட்டத்தோடு பலகையை மடிக்காதீர்கள். உங்களிடம் 40, குழந்தையிடம் 30 என்று முடிந்தால், அடுத்த ஆட்டத்தில் அதனால் 6 குழிதான் நிரப்ப முடியும். ஒரு குழி குறைந்த பலகையை வைத்துக்கொண்டு இழந்ததை மீட்கும் அந்த இரண்டாம் ஆட்டத்தில்தான் பிள்ளைகள் நன்றாக ஆடுகிறார்கள். பலகை இல்லையென்றால் தரையில் சாக்பீஸால் 14 வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். விட்டுக்கொடுக்காமல் ஆடுங்கள்.