பாஸ்கா இரவின் மெழுகுதிரி

மொன்றியல் டவுன்டவுனில், ரெனே லெவெக் பெருவீதியில், ரோமின் புனித பேதுரு பேராலயத்தைச் சிறிதாக்கியதுபோல் நிற்கிறது உலக அரசி மரியா பேராலயம். அங்கே பாஸ்கா இரவுத் திருவிழிப்புக்கு வருகிறவர்கள் கையில் ஒரு மெலிந்த மெழுகுதிரி. மெழுகு கையில் சொட்டாதிருக்க அதில் ஒரு காகித வட்டம். எவ்வளவு எளிய பொருள்!

விளக்குகள் அணைந்த கோயிலில் பாஸ்கா திரியிலிருந்து சுடர் கைமாறிக் கைமாறி வருகிறது. பிறகு எல்லாரும் ஊதி அணைத்துவிடுவோம். வாசகங்கள் முடிந்து, வளர்ந்தவர்கள் திருமுழுக்குப் பெறும் நேரம் வரும். தலையில் தண்ணீர் வழிய, புதிதாய் ஏற்றிய திரியைப் பிடித்து நிற்கும் அவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்படியொரு மலர்ச்சி! அதன்பின் நம் திரிகள் மறுபடி ஏற்றப்படுகின்றன. நாமும் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோம். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இந்த வழிபாட்டைச் சீர்திருத்தியபோது சேர்த்த பகுதி இது. அருமையான முடிவு.

கைக்குழந்தையாய்த் திருமுழுக்குப் பெற்ற என் போன்றோருக்கு அந்த நாள் நினைவில் இல்லை. நமக்காகப் பெற்றோர் சொன்ன பதிலை நாமே சொல்வது இங்கேதான். மனப்பாடமாய்க் கிடந்த விசுவாசப் பிரமாணம் அன்று கேள்வியாக வந்து நம்மிடம் பதில் கேட்கிறது.

பெந்தெகொஸ்தே வரை, புதிதாய்த் திருமுழுக்குப் பெற்றவர்களோடு சபையும் சேர்ந்து பாஸ்கா மறைபொருளில் ஆழ வேண்டும் என்பது திருச்சபை ஒழுங்கு. அவர்களைப் பக்கத்தில் இருத்தி, அவர்கள் கண்டதைக் கேட்க அந்த ஐம்பது நாளும் நமக்கு உண்டு.